தவறணைக்கு வழி தெரியும்

கள்ளுத் தவறணைக்கு வழி கேட்டால் எங்கட ஊரில் சின்னப்பிள்ளையும் காட்டும். குடியை விட்ட ஆக்கள் கூடுகிற இடத்துக்கு? 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது (கூப்பிட்டது பெடியள்தான், மாணவர் காங்கிரஸ்) மதுவிலக்கையும் பேசினார். ஆனால் மதுவிலக்குக்காரரின் கண் பெரும்பாலும் கடையில்தான் இருந்தது, குடிப்பவரில் அல்ல.

1935இல், குடியை விட்டு ஐந்து மாதமான பில் என்ற அமெரிக்கர், அக்ரன் நகர ஹோட்டலில் மறுபடி தவிப்பு வர, போன் எடுத்து இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் டொக்டர் பொப். இருவரும் கதைத்ததில் பிறந்ததுதான் 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்'. கட்டணமில்லை, முழுப்பெயரும் கேட்பதில்லை. எங்கட ஒழுங்கைகளில் அதுதான் சிக்கல்: வாசலில் நிற்கிற சைக்கிளே ஆளைச் சொல்லிவிடும்.

தேடுகிறவர்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கோ. நாளாந்தம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டொக்டரைக் கண்டுவிட்டே நிறுத்தவேணும்.