பிறபொருளெதிரி வகுப்பு மாற்றமும் டி.என்.ஏ. திருத்தமும்

முதலில் ஐ.ஜி.எம். வகைப் பிறபொருளெதிரியைச் சுரக்கும் நிணநீர்க் கலம், பின்னர் அதே கிருமிக்கெதிராக ஐ.ஜி.ஜி. வகையைச் சுரப்பது எங்ஙனம்? இடைப்பட்ட டி.என்.ஏ. துண்டு வெட்டி நீக்கப்பட்டு முனைகள் இணைக்கப்படுகின்றன என 1978இல் யப்பானியரான கட்டாவோக்காவும் ஹொஞ்ஜோவும் முன்மொழிந்தனர். வெட்டுவது யாது என்பதோ நெடுங்காலம் புலப்படவில்லை.

2000இல் ஹொஞ்ஜோவின் குழுவினர், ஏ.ஐ.டி. என்னும் நொதியம் இன்றேல் இம்மாற்றம் நிகழாதெனக் காட்டினர். அது டி.என்.ஏ.யிலுள்ள சைற்றோசினை யூராசிலாக்குகின்றது என்றார் கேம்பிரிட்ஜின் நியூபேர்கர். ஹொஞ்ஜோ அதனை எளிதில் ஏற்றாரல்லர். யூராசிலை அகற்றும் நொதியத்தை லிண்டால் 1974இலேயே கண்டறிந்து, பரம்பரைச் செய்தியின் காவலனாக இனங்காட்டியிருந்தார். ஆயின் அக்காவலனற்ற எலிகளில் வகுப்பு மாற்றம் பெரிதும் குன்றியமை 2002இல் தெரியவந்தது. 2003இல் மனிதரிலும் அவ்வாறே. திருத்தும் கருவியே உடைப்புக்கும் வழிசெய்கின்றது!

உடைந்த முனைகளைப் பிறிதொரு திருத்தப் பொறிமுறை ஒட்டுகின்றது. அது தவறி வேறொரு நிறமூர்த்தத்தின் முனை வந்திணையின் புற்றுநோய் தோன்றலாம். பேர்க்கிற் நிணநீர்ப் புற்றுநோயின் சில வகைகளில் முறிவிடம் இவ்வகுப்பு மாற்றப் பகுதியிலேயே அமைந்துள்ளது.