மொகிலி கணவாயும் ஒரு சைக்கிளும்

இங்கே சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்களிடம் "ஸ்டெல்வியோ" என்று சொன்னால் போதும், கண்கள் விரிந்துவிடும். வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் கணவாய் அது. உயரம் 2757 மீட்டர். ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். 1935-லிருந்து சுற்றிலும் தேசியப் பூங்கா. மியூனிக்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் பழனிக்குக் காவடி எடுப்பது மாதிரி வருஷா வருஷம் அங்கே போவார்கள். இரண்டு கோடைக்கு முன்னால் நானும் போனேன், ஏறினேன். நாக்கு தள்ளிவிட்டது, அதை விடுங்கள்.

இவ்வளவு உயரத்தில் சாலை எதற்கு? 1815-க்குப் பிறகு லொம்பார்டி ஆஸ்திரியப் பேரரசின் கைக்குப் போனது. அங்கே படையும் தபாலும் போய்வர ஒரு வழி வேண்டியிருந்தது. கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் 1820-லிருந்து 1825-க்குள் அதைப் போட்டு முடித்தார். குதிரை வண்டி ஏற வேண்டும் என்பதால்தான் அத்தனை வளைவு. முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் எல்லைக்கோடு நகர்ந்ததும் மலையின் இரண்டு பக்கமும் இத்தாலிக்குள் வந்துவிட்டன. சாலை போட்ட காரணமே போயிற்று. படைக்காகப் போட்ட அந்தச் சாலையில் இன்று சைக்கிள்காரர்கள் மூச்சு வாங்குகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துக் கணவாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஊர் ராமகுப்பம். தமிழ்நாட்டில் எங்கே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் இல்லை, ஆந்திராவில், சித்தூர் மாவட்டம், குப்பத்துக்குப் பக்கம். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை எங்கள் பக்கம் வட ஆற்காடு. 1953-ல் ஆந்திரா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டோடும் கொஞ்சம் கன்னடம். நைனா ஒரு ஹெர்குலிஸ் சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு போவார். அதுதான் எங்கள் வீட்டு வாகனம். ஊரைச் சுற்றி மலை இருப்பது எங்களுக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

ஆனால் அந்த மலைகள்தான் இருநூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு அரசுகளின் தலையெழுத்தை எழுதின. கீழே ஆற்காட்டுச் சமவெளி, மேலே மைசூர்ப் பீடபூமி. இரண்டையும் இணைப்பவை சில கணவாய்கள்தான். சித்தூரிலிருந்து பங்காருபாளையம் வழியாகப் பலமனேருக்கு ஏறுவது மொகிலி கணவாய்.

1791 பிப்ரவரியில் கார்ன்வாலிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டார். திப்பு சுல்தான் அப்போது கிழக்கே பாண்டிச்சேரிப் பக்கம் இருந்தார். கார்ன்வாலிஸ் ஆம்பூர் வழியாக ஏறப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள், அப்படித்தான் அவரும் போக்குக் காட்டினார். திடீரென்று வடக்கே திரும்பிச் சித்தூர் போய், மொகிலியில் எதிர்ப்பே இல்லாமல் ஏறிவிட்டார். கோட்டை இடிக்கும் பீரங்கிகள், தானிய மூட்டைகள், வங்காளத்திலிருந்து கொண்டுவந்த யானைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் மேலே போயின. மார்ச் 21-ல் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. பள்ளிப் பாடத்தில் மூன்றாம் மைசூர்ப் போர் என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோமே, அது எங்கள் கொல்லைப்புறத்தில் நடந்த கதை என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

என்னைக் கேட்டால், அந்தப் போரில் ஜெயித்தது மாடுகள்தான். அதே வருஷம் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போன கார்ன்வாலிஸ், தீனி இல்லாமல் மாடுகள் செத்து விழுந்ததால் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். பிறகு அவருக்குத் தானியம் சுமந்து வந்தவர்கள் லம்பாடிகள். அவர்கள் வழியில் வந்தவர்களின் தாண்டாக்கள் இன்றும் சித்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பொதி மாடும் பீரங்கி வண்டியும் எந்தச் சரிவில் ஏற முடியுமோ அந்தச் சரிவில்தான் வழி அமையும். பின்னால் சைக்கிள்காரனுக்குக் கிடைத்த லாபம் இது. இன்றைய தார்ச்சாலை அன்றைய தடத்தின் மேலேயே கிடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கணவாய் அதேதான்.

போர் ஓய்ந்த பிறகு பலமனேருக்கு ஒரு சின்ன நல்ல காலம் வந்தது. ஊட்டி பிரபலமாவதற்கு முன், சென்னை வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற வந்த இடம் அது. கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம், சென்னையோடு பார்த்தால் குளிர்தான். 1819-ல் சல்லிவன் நீலகிரிக்குப் போன பிறகு பலமனேரை யார் சீண்டுவார்கள்? 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வழியாகப் பெங்களூருக்கு ரயில் வேறு வந்துவிட்டது.

லாரிகள் வந்ததும் கதை மாறிற்று. போன தடவை ஊருக்குப் போனபோது சித்தூரில் ஒரு கியர் சைக்கிள் இரவல் வாங்கி, விடியற்காலையில் கிளம்பி மொகிலியில் ஏறினேன். ஸ்டெல்வியோவோடு ஒப்பிட்டால் ஏற்றம் ஒன்றுமே இல்லை, சீட்டிலிருந்து எழ வேண்டியதே இல்லை. ஆனால் பயம் அதிகம். சென்னை-பெங்களூர் லாரியெல்லாம் பக்கத்தில் உரசிக்கொண்டு போகிறது. 2024 செப்டம்பரில் அங்கே பஸ்ஸும் லாரியும் மோதிப் பல பேர் இறந்தார்கள். என் மகளை அந்தச் சாலையில் சைக்கிளோடு விடமாட்டேன். ஸ்டெல்வியோவில் வருஷத்தில் ஒரு நாள் காரை நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கு மட்டும் வழி விடுகிறார்கள். நம் ஊரில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள் :-)

எனக்கு ஒரு நப்பாசை இருக்கிறது. ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஏறக்குறைய 260 கி.மீ. நீளத்துக்குப் பெங்களூர்-சென்னை விரைவுச்சாலை போடுகிறார்கள், எங்கள் மாவட்டத்துக்குள்ளும் அது வருகிறது. ரயில் வந்தபோது வண்டிப்பாதை ஓய்ந்தது போல, இது முழுதாகத் திறந்தால் மொகிலியில் லாரிகள் குறையலாம். விரைவுச்சாலையில் இரண்டு சக்கரத்துக்கு அனுமதி கிடையாது. பழைய வழிதான் நமக்கு.

அதுவரை, விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறவர்கள் பலமனேர் வரை சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். அங்கிருந்து பைரெட்டிபள்ளி, வி.கோட்டா, ராமகுப்பம், குப்பம் என்று போகும் வழி மேடும் பள்ளமுமாக நன்றாக இருக்கும். டிசம்பர், ஜனவரி சரியான காலம். குப்பம் சாலையில் கைகல் அருவி வரும். பாலாறு கர்நாடகத்தில் 93 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடுகிறது, நடுவில் ஆந்திராவில் இருக்கும் 33 கி.மீ. எங்கள் பக்கம்தான். அதில் தண்ணீரைப் பார்ப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

ஒன்றே ஒன்று. இந்தக் காட்டில் இருநூறு வருஷமாக யானையே கிடையாது என்பார்கள். 1980-களில் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் வந்து தங்கிவிட்டது. அவற்றுக்காக 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அறிவித்தார்கள், சுமார் 358 சதுர கி.மீ. ராமகுப்பம் மண்டலத்தில் நன்னியாலாவில் கும்கி முகாமும் இருக்கிறது. வயலுக்கு இறங்கும் யானையால் ஊர்க்காரர்கள் படும் பாடு தனிக் கதை. நைனா நாலு மணிக்கு மேல் காட்டுப் பக்கம் சைக்கிளை எடுக்கமாட்டார். நீங்களும் நாலு மணிக்குள் வி.கோட்டா வந்து சேர்ந்துவிடுங்கள்.