1பெஸ்தாரிநெட்டின் ஏழரை ஆண்டுகள்

மலேசியாவின் ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளை 4ஜி இணையத்தால் இணைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே இணைய வகுப்பறையைத் தருவதற்காக வகுக்கப்பட்டது 1பெஸ்தாரிநெட் திட்டம். நகரத்து இடைநிலைப் பள்ளி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, சரவாக்கின் உட்பகுதிப் பள்ளி எல்லாமே அதில் அடக்கம். 2011 டிசம்பரில் கல்வி அமைச்சு அதை வைடிஎல் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. முழுத் திட்டம் 15 ஆண்டுகளுக்கு. மதிப்பீடு 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல். இரண்டரை ஆண்டு முதற்கட்டத்துக்கு மட்டும் 66.3 கோடி.

வைடிஎல் அதற்கு ஓராண்டு முன்புதான் 'யெஸ்' என்ற பெயரில் 4ஜி சேவையைத் தொடங்கியிருந்தது. பள்ளி வளாகங்களில் அலைபரப்புக் கோபுரங்கள் எழுந்தன. பாடம் நடத்துவதற்கான ஃப்ராக் என்னும் மென்பொருள் பிரிட்டனில் உருவானது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெரும்பங்கையும் வைடிஎல் குழுமமே வாங்கியது. கம்பியில்லா இணையம், மென்பொருள், பராமரிப்பு மூன்றும் ஒரே கையில். பாடம் தேடி இணையம் வந்ததா, இணையம் விற்கப் பாடம் சேர்ந்ததா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

மாணவர், ஆசிரியர், பெற்றோர் எல்லாருக்கும் ஃப்ராக்கில் கணக்கு இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. 2014 இறுதியில் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையின்படி, மாணவர்களின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பெற்றோரிடையே 1 விழுக்காட்டுக்கும் கீழ். காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல பள்ளிகளில் கணினிகள் போதவில்லை. ஒரு வகுப்பே சேர்ந்து நுழைந்தால் தாங்கும் வேகம் இணையத்துக்கு இல்லை. ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருந்த ஆசிரியர்களுக்கு ஃப்ராக் இன்னொரு வேலைச் சுமையானது.

அறிக்கை வெளிவருமுன்பே இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் விசாரித்தது. ஆயினும் திட்டம் நின்றது 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகுதான். மஸ்லி மாலிக் கல்வி அமைச்சராக இருந்தபோது, 2019 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. மறுநாள் முதல் ஃப்ராக்கின் இடத்தில், கட்டணமில்லாத கூகுள் கிளாஸ்ரூம்.

ஒன்பது மாதங்களுக்குள் கொரோனா பள்ளிகளை மூடியது. 2020 ஜூனில் டெலிமா என்ற புதிய தளம் அறிமுகமானது. அதற்குச் சற்று முன், ஏறத்தாழ 9 லட்சம் மாணவர்களின் நிலை குறித்து அமைச்சு பெற்றோரிடம் கேட்டறிந்தது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் கணினியோ கைக்கணினியோ திறன்பேசியோ எதுவுமே இல்லை.