தாது வருஷப் பஞ்சமும் ஒரு கால்வாயும்

பதிவு கொஞ்சம் நீளம். காப்பி டம்ளரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவி ஒருத்தி, ஈரி கால்வாயில் சின்னக் கப்பலில் போய்வந்த படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். அங்கே இலையுதிர் காலம். இரண்டு கரையிலும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கின்றன. நடுவே கண்ணாடி மாதிரித் தண்ணீர். "சார், நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது?" என்று கீழே ஒரு வரி. அதற்கு நாலைந்து பேர் "அதானே" என்று போட்டிருந்தார்கள்.

நம் பக்கத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி சரிதான். பரிசலைத் தாண்டி நமக்குப் படகு தெரியாது. குருடிமலையில் பிறக்கும் நம் கௌசிகா நதியில் தண்ணீர் ஓடினால் அதுவே ஊரில் செய்தி. ஆனால் இதே தமிழ்நாட்டிலிருந்து ஆந்திரா வரை, கடலுக்குப் பக்கத்திலேயே சுமார் 420 கிலோமீட்டருக்கு ஒரு படகுக் கால்வாய் இருக்கிறது கண்ணுகளா. சென்னைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறார்களே, அந்தப் பக்கிங்காம் கால்வாய்தான் அது.

முதலில் ஈரி கால்வாய். நியூயார்க் மாநிலத்தில் 1817-ல் வெட்டத் தொடங்கி 1825-ல் முடித்தார்கள். நீளம் 584 கிலோமீட்டர். கரையில் நடைபாதை போட்டு, குதிரையையும் கோவேறு கழுதையையும் கட்டிப் படகை இழுத்தார்கள். ரயிலும் லாரியும் வந்து சரக்கு குறைந்த பிறகும் அதைக் கைவிடவில்லை. உல்லாசப் படகுகளுக்கென்று வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்தப் படங்கள் அப்படி வந்தவைதான்.

அது தொடங்குவதற்குப் பதினோரு வருஷம் முன்பே, 1806-ல், சென்னையிலிருந்து எண்ணூர் வரை 18 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியில் இருந்து பணம் சேர்த்த பசில் காக்ரேன் முதல் போட்டார். அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. அலை அடிக்கிற அடியில் சரக்கு இறக்குவது பெரும்பாடு. உள்ளே அமைதியான வாய்க்கால் இருந்தால் விறகும் உப்பும் நோகாமல் ஊருக்குள் வந்துவிடும். பிறகு பழவேற்காடு வரை நீட்டினார்கள். 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது. வடக்கே 315 கிலோமீட்டர் தள்ளி ஆந்திராவின் பெத்தகஞ்சாம் வரை, தெற்கே 103 கிலோமீட்டர் தள்ளி மரக்காணம் வரை என்று மெல்ல மெல்ல வளர்ந்தது.

சென்னை நகரத்துக்குள் மட்டும் ஒரு இடைவெளி இருந்தது. வடபகுதி கூவத்தோடு நின்றது, தென்பகுதி அடையாற்றில் தொடங்கியது. நடுவே 8 கிலோமீட்டர் வெட்ட வேண்டும். அந்தத் துண்டை வெட்டியது 1877-78-ல். அந்த வருஷத்தைக் கேட்டதும் கொங்குநாட்டுக்காரர்களுக்கு ஒன்று நினைவு வரவேண்டும்.

ஆமாம், தாது வருஷப் பஞ்சம். தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. அந்த வருஷம் மழை பொய்த்துப் பஞ்சம் தொடங்கி, 1878 வரை நீடித்தது. தென்னிந்தியாவை மையமாக வைத்து அடித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். கோயமுத்தூர் ஜில்லாவும் சேலம் ஜில்லாவும் கடுமையாக அடிபட்டவை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் எண்ணிக்கை ஏறுவதுதான் வழக்கம். 1881 கணக்கில் இந்த இரண்டு ஜில்லாக்களிலும் 1871-ஐ விடக் குறைந்திருந்தது. நம் கொங்குப் புலவர்கள் இதைக் கும்மியாகவே பாடி வைத்தார்கள். புலவர் செ. இராசு ஐயா அவற்றைத் தேடித் தொகுத்துப் 'பஞ்சக் கும்மிகள்' என்று புத்தகமாக்கினார்.

பசித்து வந்தவர்களுக்கு அரசு சும்மா சோறு போட விரும்பவில்லை. உடம்பில் தெம்பு இருப்பவன் மண் வெட்டிவிட்டுக் கூலி வாங்கட்டும் என்றது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் அந்த 8 கிலோமீட்டர் அப்படிப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் நடந்தது.

கூலி எவ்வளவு என்று கேளுங்கள். 1877 தொடக்கத்தில் கல்கத்தா அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு 450 கிராம் தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். குறைந்தது 680 கிராம் தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். பிறகு அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

தானியம் இல்லாமல் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. இந்தியக் கோதுமை அந்த வருஷங்களிலும் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஏழையின் கையில் வாங்கக் காசு இல்லை, அவ்வளவுதான். 1877 ஜனவரி முதல் தேதி, விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்து டெல்லியில் தர்பார் விருந்து நடந்தது.

கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். கூடை சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கால்வாய் நன்றாக உழைத்தது. சவுக்கு விறகு, உப்பு, அரிசி, மீன், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் முடியாத இடத்தில் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். சென்னைவாசிகள் மாமல்லபுரம் பார்க்கவும் இந்தப் படகில்தான் போனார்கள். மாணவி கேட்டாளே, அந்த உல்லாசப் பயணம் நம்மிடமும் இருந்தது.

அதற்குச் சாட்சி பாவேந்தர் பாரதிதாசன். 'மாவலிபுரச் செலவு' என்ற அவர் பாட்டு இந்தப் படகுப் பயணம்தான். செலவு என்றால் இங்கே காசுக் கணக்கு அல்ல, பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். தோழர்களோடு படகேறுகிறார். தண்ணீர், வெயிலின் பொன்னிறம், பரந்த வெளி என்று ரசித்துக்கொண்டே போகிறார். பிறகு, தோளில் கயிற்றைப் போட்டு ஒரு ஆள் கரையில் நடந்து அந்தப் படகை இழுப்பது கண்ணில் படுகிறது. அதற்கு மேல் அவரால் வேடிக்கை பார்க்க முடியவில்லை. அங்கே ஈரியில் கோவேறு கழுதை செய்த வேலையை இங்கே மனிதன் செய்தான். பயணக் கவிதை எழுத உட்கார்ந்த ஒருவர் இழுக்கிறவனையும் பார்த்தார் பாருங்கள், அதனால்தான் அந்தப் பாட்டு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரயிலும் தார் ரோடும் வந்து சரக்கைப் பறித்தன. 1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. தூர்ந்தது, சாக்கடை கலந்தது. நகரத்துக்குள் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயிலேயே இறக்கினார்கள். 1995-ல் அதன் முதல் பகுதி ஓடத் தொடங்கியது. அப்படியும் 2004 சுனாமி அன்று கரைக்கு ஏறிய கடல்நீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டு, பின்னால் இருந்த ஊர்களைக் காத்தது. 2008-ல் தேசிய நீர்வழி எண் 4-ல் இதையும் சேர்த்து அறிவித்தார்கள். படகு ஓடுகிற நாள் இன்னும் வரவில்லை.

வெளிநாட்டுக் கால்வாயில் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், படம் போடுங்கள், நானும் ஆசையாகப் பார்க்கிறேன். ஆனால் அடுத்த முறை மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறும்போது கீழே ஒரு தரம் எட்டிப் பாருங்கள். அந்தக் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடை என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில், அரைப்பட்டினியோடு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் என்று சொல்லுங்கள்.

ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷம் பற்றி ஒரு சொலவடை, ஒரு கும்மி அடி, பஞ்சத்தில் எந்தக் கிழங்கைத் தின்றார்கள் என்ற பேச்சு, எதைச் சொல்லக் கேட்டிருந்தாலும் கீழே எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொன்னால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.