கடலட்டையை எந்தப் பட்டியலில் வைப்பது?

முந்தல், உடப்பு, கற்பிட்டி உறவுகளே, கடலட்டைப் பண்ணை நல்லதா கெட்டதா என்று வாதாடுவதற்கு முன், சட்டம் இந்தப் பிராணியை எப்படிப் பார்த்து வந்திருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நாம் அட்டை சாப்பிடுவதில்லை. குடலை எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, கழுவிக் காயவைத்துச் சீனச் சந்தைக்கு அனுப்புவது மன்னார் வளைகுடாவின் இரு கரைகளுக்கும் பழைய தொழில்.

அக்கரையில் 1982 இல், மூன்று அங்குலத்துக்குக் குறைந்த காய்ந்த அட்டையை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்தது. 1988 இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கிக் காட்டியது. உலகிலேயே அதுதான் முதல் முறை. ஆனால் 2001 இல் எல்லாக் கடலட்டைகளும் புலியும் யானையும் இருந்த முதலாம் அட்டவணைக்குள் போயின. காட்டில் பிடித்தது, பொரிப்பகத்தில் பிறந்தது என்ற வேறுபாடே இல்லாமல் போனது. தொழில் நின்றது, கடத்தல் நிற்கவில்லை.

இக்கரையில் நிலைமை நேர்மாறு. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் மற்றும் நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ், அனுமதிப்பத்திரம் எடுத்தவர் அட்டைக்குச் சுழியோடலாம். சிலிண்டர் வந்த பின் சுழியோடிகள் ஆழத்துக்குப் போனார்கள். விலை கூடிய வகைகள் அருகின. அட்டை முட்டையையும் விந்தையும் தண்ணீரில்தான் விடும். ஆணும் பெண்ணும் தூரத் தூரமாகக் கிடந்தால் கரு கூடாது. அதனால் ஓரளவுக்கு மேல் குறைந்துவிட்டால், பிடிப்பதை நிறுத்தினாலும் சீக்கிரம் பெருகாது.

முழுத்தடை பொருந்தும் உயிர்களும் உண்டு. நமது கடற்பசு 1970 இலும், கடலாமைகள் 1972 இலும் 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. கடற்பசு சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் போடும். அதைப் பிடிப்பதற்கு எந்த அளவும் பாதுகாப்பான அளவு அல்ல.

ஆகவே ஒரே பட்டியல் போதாது என்பது நமது எண்ணம். மெதுவாகப் பெருகும் உயிரைத் தொடவே கூடாது. வேகமாகப் பெருகுவதை அளவு, பருவம், எண்ணிக்கை பார்த்துப் பிடிக்கலாம். பொரிப்பகத்தில் பிறந்ததற்குத் தனி வகுப்பு வேண்டும். பிறப்பிடத்துக்குப் பத்திரமும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் நமக்கு முக்கியம். கடலில் குஞ்சு பொறுக்கி வந்து வேலிக்குள் போடுவது இனப்பெருக்கம் அல்ல, அதுவும் பிடிப்புத்தான். பண்ணை என்ற பெயரில் அது நடந்தால், நமது களப்பின் சாதாளைத் தரையில் இருப்பதும் காலியாகும்.

எனவே மீனவர் சங்கக் கூட்டங்களில் பண்ணை பற்றிப் பேச்சு வந்தால், இந்தக் குஞ்சு எந்தப் பொரிப்பகத்தில் பிறந்தது, அதற்குப் பத்திரம் எங்கே என்று முதலில் கேட்போம்.