ரெட் ஸ்பெசல் (மின்கிதார்)

ரெட் ஸ்பெசல் என்பது குயீன் இசைக்குழுவின் கிதார் கலைஞரான பிரையன் மே, தம் பதின்ம வயதில் தந்தை ஹரோல்ட் மேயுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்த மின்கிதார் ஆகும். 1963 ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கிய இவ்வேலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. பழைய கணப்படுப்பின் மேற்சட்டம், பழைய மேசை, மோட்டார் சைக்கிள் வில்கள், சட்டைப் பொத்தான்கள் முதலியன இதன் மூலப்பொருட்கள். மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு எனக் கூறப்படுகிறது. கிதார் செய்வதற்கு எந்த மரம் ஏற்றது, எந்த மேற்பூச்சு ஏற்றது என்னும் உரையாடல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கருவி இது.

பின்னணி

பிரையன் மே 1947 இல் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் என்னும் இடத்தில் பிறந்தவர். அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த பெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் போன்ற அமெரிக்கக் கிதார்களை வாங்கும் வசதி இக்குடும்பத்துக்கு இருக்கவில்லை. ஹரோல்ட் மே மின்னணுவியலில் தேர்ந்தவர். வீட்டுக்குத் தேவையான பல பொருட்களைத் தாமே செய்து பழகியவர். எனவே வாங்க முடியாததைச் செய்வது என்று இருவரும் முடிவு செய்தனர். வீட்டின் ஓர் அறையே பட்டறையாயிற்று. பெரும்பாலான வேலைகள் கைக்கருவிகளைக் கொண்டே செய்யப்பட்டன.

கழுத்து

மின்கிதாரின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 35 முதல் 45 கிலோகிராம் வரையான இழுவிசையைக் கழுத்தின் மீது இடைவிடாது செலுத்துகின்றன. கழுத்து சற்று வளைந்தாலும் கம்பிகளின் உயரம் மாறிவிடும், வாசிப்பது கடினமாகும். ஆகவே கிதாருக்கு மரம் தெரிவு செய்வதில் முதலில் கவனிக்க வேண்டியது கழுத்தேயன்றி உடல் அன்று. புதிதாக அறுத்த மரம் ஈரம் உலர உலரச் சுருங்கும், முறுக்கும்.

ரெட் ஸ்பெசலின் கழுத்து, நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய கணப்படுப்பின் மேற்சட்டத்திலிருந்து எடுத்த மகோகனி மரத்தால் ஆனது. அனல் படும் இடத்தில் பல தலைமுறைகள் இருந்த மரம் இனிச் சுருங்குவதற்கு அதிகம் இல்லை. அதிலிருந்த மரப்புழுத் துளைகள் தீக்குச்சிகளைக் கொண்டு அடைக்கப்பட்டன. கழுத்தின் உள்ளே இழுவிசையை எதிர்க்கும் எஃகுத் தண்டு ஒன்று உள்ளது. கழுத்து உடலுடன் போல்ட்டு கொண்டு பிணைக்கப்பட்டுள்ளது. வழக்கமான கிதார்களின் கழுத்தை விட இது தடிப்பானது.

விரல்பலகை ஓக் மரத்தாலானது. இது வழமைக்கு மாறான தெரிவு. வணிகக் கிதார்களில் விரல்பலகைக்கு ஈட்டி (தோதகத்தி), கருங்காலி, மேப்பிள் ஆகியனவே மிகுதி. ஈட்டியும் கருங்காலியும் நெருக்கமான, எண்ணெய்ப் பற்றுள்ள மரங்களாதலால் பூச்சு இன்றியே விடப்படுகின்றன. ஓக் கடினமானதாயினும் திறந்த துளைகள் கொண்டது. விரல் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சும். எனவே அது கறுப்பு நிறமூட்டப்பட்டு, மேற்பூச்சால் மூடப்பட்டது. வீணையைப் போலவே இதிலும் 24 மெட்டுகள் உள்ளன. இடங்காட்டும் புள்ளிகள், தாயின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்களைக் கையால் அராவிச் செய்யப்பட்டவை.

உடல்

உடலின் நடுப்பகுதி பழைய மேசையிலிருந்து எடுத்த ஓக் மரம். பாலமும் கம்பிகளின் முனையும் கழுத்தும் இதனையே பற்றி நிற்கின்றன. சுற்றுப்பகுதி பிளாக்போர்டு எனப்படும் ஒட்டுப்பலகையாகும். மென்மரக் கீற்றுகளை அடுக்கி இருபுறமும் மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்யும் இப்பலகை, அலமாரிகளுக்குப் பயன்படுவது. விலை குறைவு, எளிதில் வளையாது. கிதார் செய்வோர் பொதுவாக இதனை மதிப்பதில்லை. இங்கு இழுவிசை முழுவதையும் ஓக் மரமே தாங்குவதால் பிளாக்போர்டு வடிவத்தைத் தந்தாலே போதுமானதாயிற்று. மேலும் கீழும் மகோகனி மரத்தகடு ஒட்டப்பட்டது. ஓரங்களில் காணப்படும் வெள்ளைப் பட்டை, அலமாரித் தட்டுகளின் ஓரத்துக்கு விற்கப்படும் நெகிழிப் பட்டையாகும்.

உடலினுள் வெற்றிடங்கள் விடப்பட்டுள்ளன. ஒலிபெருக்கியின் ஓசை காற்றின் வழியே கிதாரை மீண்டும் அதிரச் செய்து, சுரம் தேயாமல் நீள வேண்டும் என்பதே நோக்கம். மேற்பலகையில் ஒலித்துளை ஒன்று வெட்டும் திட்டமும் இருந்தது, ஆனால் வெட்டப்படவேயில்லை.

மேற்பூச்சு

1950களின் அமெரிக்கக் கிதார்களில் நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு பெரிதும் பயன்பட்டது. மெல்லிய படலமாக அமையும் இப்பூச்சு காலப்போக்கில் மஞ்சளாகும், திடீர்க் குளிரில் வெடிப்பு விடும். தெளிப்பான் இன்றி நன்றாகப் பூசுவதும் கடினம். பின்னர் தொழிற்சாலைகள் பாலியூரித்தேன், பாலியெஸ்டர் ஆகியவற்றுக்கு மாறின. இவை உறுதியானவை, ஆயின் இவற்றுக்கும் பட்டறை வசதி வேண்டும்.

மே குடும்பத்தினர் பயன்படுத்தியது ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங் என்னும் ஆங்கிலேயத் தயாரிப்பு. பூச்சுத் திரவத்துடன் கடினமாக்கியைக் கலந்தவுடன் வேதிவினை தொடங்கி, சூடேற்றாமலே இறுகும் வகை இது. தூரிகையாலேயே பூசலாம், ஒரு பூச்சு இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்து அடுத்ததைப் பூச வேண்டும். இறுதியில் மெருகேற்றினால் கண்ணாடி போன்ற பளபளப்பு கிடைக்கும். வீட்டில் செய்பவருக்கு இது தக்க தெரிவே. எனினும் ஆவி கடுமையானது. காற்றோட்டம் இன்றிப் பூசலாகாது. மகோகனியின் இயல்பான செந்நிறம் இப்பூச்சின் ஊடாகத் தெரிவதே கிதாரின் பெயருக்குக் காரணம்.

மரமும் ஒலியும்

மின்கிதாரின் ஒலியில் மரத்தின் பங்கு எவ்வளவு என்பது முடிவுறாத விவாதம். காந்த ஒலியெடுப்பான் உணர்வது எஃகுக் கம்பியின் அசைவைத்தான், மரத்தின் ஒலியை அன்று. மரம் கம்பியின் அதிர்வை எவ்வளவு விழுங்குகிறது என்ற அளவிலேயே அதன் செல்வாக்கு அமைகிறது. ரெட் ஸ்பெசலின் தனித்த ஒலிக்கு மரத்தை விட, பர்ன்ஸ் டிரை-சோனிக் ஒலியெடுப்பான்கள் மூன்றும் அவை தொடராக இணைக்கப்பட்ட முறையுமே முதன்மைக் காரணங்கள் எனலாம். முதலில் வீட்டிலேயே செய்த ஒலியெடுப்பான்கள், கம்பியைப் பக்கவாட்டில் வளைக்கும்போது இரைச்சல் தந்தமையால் இவை வாங்கப்பட்டன. கீச்சொலி எழாதிருக்க அரல்டைட் பசையால் இவற்றின் உட்புறம் நிரப்பப்பட்டது.

பிற்காலம்

தம் முனைவர் பட்ட ஆய்வை இடைநிறுத்தி இசைக்குச் சென்றது தந்தைக்குப் பெரும் மனவருத்தத்தை அளித்ததாகப் பிரையன் மே கூறியுள்ளார். அக்கிதாரை உடனிருந்து செய்தவரும் அவரே. பட்டத்தை மே 2007 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பெற்றார்; தந்தை 1988 இலேயே காலமாகிவிட்டார்.

குயீன் குழுவின் இசைத்தொகுப்புகளில் பெரும்பாலும் இக்கிதாரே ஒலிக்கிறது. 2002 சூன் மாதம் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமீது நின்று மே வாசித்ததும் இதனையே. 1998 இல் ஆஸ்திரேலியக் கிதார் கைவினைஞர் கிரெக் பிரையர் இதனைச் செப்பனிட்டார். பிரையன் மே கிட்டார்ஸ் நிறுவனம் விற்கும் நகல்களில் உடல் மகோகனியாலும் விரல்பலகை கருங்காலியாலும் ஆனவை. மூலக்கருவியின் ஓக்கும் பிளாக்போர்டும் அவற்றில் இல்லை.