குள்ளமாகப் பிறந்த 737

விமான நிலையத்தில் போயிங் 737 ஒன்றும் ஏர்பஸ் 320 ஒன்றும் அருகருகே நின்றால் உற்றுப் பாருங்கள். 737 சற்றுக் குள்ளமாகவே தெரியும். அந்தக் குள்ளத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு.

1965 பிப்ரவரியில் ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனம் 21 விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்க, போயிங் இந்தக் குறுந்தூர ஜெட்டைக் கையில் எடுத்தது. பிரிட்டனின் பிஏசி ஒன்-இலெவனும் அமெரிக்காவின் டிசி-9ம் ஏற்கெனவே முந்திக்கொண்டிருந்தன. அவை இரண்டுக்கும் இயந்திரம் வால் பக்கம். பொறியாளர் ஜோ சட்டரோ இயந்திரங்களை இறக்கையின் அடியில் ஒட்டினாற்போல் வைக்கலாம் என்றார். (பின்னாளில் 747 ஜம்போவை உருவாக்கிய அதே மனிதர்தான்!) பெரிய 707 விமானத்தின் உடல் அகலமே இதற்கும் கிடைத்ததால் வரிசைக்கு ஆறு பேர் உட்கார முடிந்தது.

1967 ஏப்ரல் 9ஆம் தேதி முதல் 737 பறந்தது. அப்போது அதன் குள்ளம் ஒரு வரப்பிரசாதம். வசதி குறைந்த சிறு விமான நிலையங்களில் ஊழியர்கள் தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்றலாம்; இயந்திரத்தையும் பழுது பார்க்கலாம். மொத்தமே 30 மட்டும் தயாரான 737-100 ரகத்தை 1969இல் வாங்கிய சில நிறுவனங்களில் நம் மலேசிய சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஒன்று.

சிக்கல் பிறகுதான் வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்தும் புதிய இயந்திரங்கள் பருமனானவை. 1984இல் பறந்த 737-300க்கு 1.52 மீட்டர் விசிறி கொண்ட இயந்திரம். தரையில் இடிக்காமலிருக்க அதன் உறையின் அடிப்பாகத்தையே தட்டையாக்கினார்கள்! 1987இல் பறக்கத் தொடங்கிய ஏர்பஸ் 320க்கு அந்தத் தொல்லை இல்லை. அது உயரமாகவே பிறந்தது.

2010இல் ஏர்பஸ் தன் 320க்குப் புதிய இயந்திரம் அறிவித்ததும் போயிங்குக்கு நெருக்கடி. அடியோடு புதிய விமானம் செய்ய நேரமில்லை. 2011இல் 737 மேக்ஸ் அறிவிக்கப்பட்டது. விசிறி இப்போது 1.76 மீட்டர். இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளி, மேலே தூக்கிப் பொருத்தினார்கள். இதனால் சில நிலைகளில் மூக்கு மேலெழும்பும் போக்கு கூடியது. அதை அடக்க எம்கேஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். ஒரே ஓர் உணரியை நம்பி மூக்கைக் கீழே அழுத்தும் மென்பொருள் அது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி விளக்கமே இல்லை. உயரக் குறைவை விட இந்த மௌனமே பெரிய குற்றம்.

உலகின் முதல் மேக்ஸ் பயணிகள் சேவையை 2017 மே 22ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு நடத்தியது மாலிண்டோ ஏர். அடுத்த ஆண்டு அக்டோபர் 29இல் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் மேக்ஸ் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் 157 பேர். உலகெங்கும் மேக்ஸ் விமானங்கள் தரையிறக்கப்பட்டன.

அமெரிக்கா 2020 நவம்பரில் தடையை நீக்கியது. இப்போது எம்கேஸ் இரண்டு உணரிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. மேக்ஸை ஓட்டும் விமானிகளுக்குப் பாவனைக் கருவியில் தனிப் பயிற்சியும் கட்டாயமானது. செலவு கூடும் என்று போயிங் ஆரம்பத்தில் தவிர்க்கப் பாடுபட்டது அந்தப் பயிற்சியைத்தான்.